வழிகாட்டியை நம்பி ஆறு ஆண்டுகள்: தனியார் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு

தமிழ்நாட்டில் தனியார் பல்கலைக்கழகம் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுபவற்றுள் பெரும்பாலானவை சட்டப்படி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956-ன் 3-ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசு இந்தத் தகுதியை வழங்குகிறது. வேலூர் வி.ஐ.டி.யும் தஞ்சாவூர் சாஸ்த்ராவும் 1984-ல் பொறியியல் கல்லூரிகளாகத் தொடங்கி, 2001-ல் நிகர்நிலை பெற்றவை. சென்னை சிவ நாடார் பல்கலைக்கழகம் போல மாநிலச் சட்டமன்றத்தின் தனிச்சட்டத்தால் உருவானவை மிகச் சில.

பி.டெக்., எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கே ஊரில் இவற்றின் பெயர் அடிபடும். இளநிலை மாணவர் கட்டும் பணமே நிறுவனத்தை நடத்துகிறது. முதுநிலை மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் எண்ணிக்கையில் குறைவு. ஆனாலும் தரவரிசைக்கு அவர்கள் இன்றியமையாதவர்கள். ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் பல்கலைக்கழகப் பிரிவுக்கான மதிப்பெண்ணில் 30 விழுக்காடு ஆராய்ச்சிக்கும் தொழில்முறைச் செயல்பாட்டுக்கும் உரியது. கட்டுரைகள் எத்தனை, அவை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன, எவ்வளவு காப்புரிமை, எவ்வளவு ஆய்வு நிதி என்பதெல்லாம் அதில் கணக்கு. அந்தக் கட்டுரைகளின் பின்னால் ஆய்வகத்தில் கண்விழித்த ஆய்வு மாணவர் ஒருவர் இருப்பார். அவருடைய நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பது வெளியே அதிகம் தெரியாது.

முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டில் முடிந்துவிடும். எம்.டெக். மாணவர் கேட் தேர்வில் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் உள்ள இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. முதல் ஆண்டு வகுப்பும் தேர்வும், இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் புராஜெக்ட். வேலை கிடைத்தவர் கிளம்பிவிடுவார். வாழ்க்கையின் ஒரு பெரும் பகுதியை ஒப்படைத்துவிட்டு உள்ளே வருபவர் பிஎச்.டி. மாணவர்தான். எனவே இனி வருவது அவரைப் பற்றி.

2022 நவம்பரில் மானியக் குழு வெளியிட்ட விதிகளே இன்று முனைவர் பட்டத்துக்கு அடிப்படை. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்குள் முடியாதவருக்கு மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டு வரை தரலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. நெட் தேர்வு மதிப்பெண் வழியாகவும் சேரலாம், பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத்தேர்வு வழியாகவும் சேரலாம். நுழைவுத்தேர்வு என்றால் அதற்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற கணக்கில் தகுதிப் பட்டியல் தயாராகும். நேர்காணல் அறையில் எதிரே அமர்ந்திருப்பவர்களில் ஒருவர், இனி வரும் ஆண்டுகள் முழுக்க மாணவரின் வழிகாட்டியாக, அதாவது கைடாக இருக்கக்கூடியவர். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் கேள்வி கேட்பதெல்லாம் அவர்தான். மாணவர் திருப்பிக் கேட்க வேண்டியவை எத்தனையோ இருந்தும் கேட்பதில்லை.

பணத்தில் இருந்தே வேறுபாடு தொடங்குகிறது. ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவர். 2023 முதல் அவருக்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு மதிப்பீட்டில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். ஆகி 42,000. இரண்டாமவர் கைடு வாங்கிய ஆய்வுத் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். ஆக இருப்பவர். தொகை ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் திட்டம் பெரும்பாலும் மூன்று ஆண்டு. திட்டம் முடிந்த மறுமாதம் பணம் நின்றுவிடும், ஆய்வு பாதியில் இருக்கும். மூன்றாமவர் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகையை நம்பியவர். அது முதலிருவரின் தொகையைவிட வெகுவாகக் குறைவாக இருப்பதே வழக்கம். அதிலிருந்தே பருவக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் போக வேண்டியிருக்கும். இவர்களுக்கு நடுவே எந்தத் தொகையும் இல்லாமல், வீட்டுப் பணத்தில் படிப்பவரும் இருப்பார். வேலை நால்வருக்கும் ஒன்றே. மாதக் கடைசியில் தேநீர்க் கடைக்கு யார் வருகிறார், யார் வேலை இருக்கிறது என்று ஒதுங்குகிறார் என்பதில் இந்த வேறுபாடு தெரியும்.

உதவித்தொகைக்கு ஈடாக வகுப்பெடுக்க வேண்டும். ஆய்வு மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்கின்றன 2022 விதிகள். டியூட்டோரியல், லேப், விடைத்தாள் போன்றவை இதில் அடங்கும். அளவோடு இருந்தால் இது நல்ல பயிற்சி. பின்னாளில் ஆசிரியராகப் போகிறவருக்கு வகுப்பில் நிற்கும் துணிவு இங்கேதான் வருகிறது. இளநிலைச் சேர்க்கை ஆயிரக்கணக்கில் இருக்கும் இடத்தில் இந்த அளவு சுலபமாக மீறப்படும். தேர்வு மேற்பார்வை, அங்கீகாரக் குழு வரும் வாரத்தில் கோப்பு அடுக்குவது, கருத்தரங்கில் விருந்தினரை அழைத்து வருவது என்று பட்டியல் நீளும். இவற்றில் எதுவும் ஆய்வேட்டில் ஒரு பக்கமாகவும் சேராது.

முதல் ஆண்டு கோர்ஸ்வொர்க். குறைந்தது 12 கிரெடிட்; ஆய்வு நெறிமுறையும் பதிப்பு அறமும் அதில் கட்டாயம். 55 விழுக்காடு எடுத்தால்தான் மேலே போகலாம். இந்தக் கட்டம் பலருக்கும் எளிதாகவே கழிகிறது. தேர்வு எழுதித் தேறுவது பழகிய வேலை. பழகாத வேலை அதன் பிறகே தொடங்குகிறது: யாரும் வினாத்தாள் தராத நிலையில், கேள்வியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

பொருளறிவியலில் ஆய்வு செய்யும் ஒருவரின் ஒரு வாரம் இப்படிப் போகும். திங்கட்கிழமை வேதிப்பொருள்களை எடைபோட்டு, அகேட் கல்வத்தில் மணிக்கணக்கில் அரைக்கிறார். கை கடுத்தாலும் நிறுத்தக் கூடாது. துகள் சீராக வர வேண்டும். பொடியை அலுமினா மூசையில் இட்டு மஃபிள் ஃபர்னஸில் வைக்கிறார். உலை சூடேறி, நின்று, ஆறுவதற்கு ஒன்றரை நாள். புதன்கிழமை பொடியைச் சிறு ஜிப்லாக் உறையில் போட்டு, மார்க்கரால் எண் எழுதி, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி. கருவி இருக்கும் அறைக்குப் போனால் வாசலில் ஒரு நோட்டு தொங்குகிறது. எல்லாத் துறைக்கும் கருவி ஒன்றே. அவருடைய முறை அடுத்த செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று மின்சாரம் போய், குளிர்விப்பான் நின்றால் இன்னொரு வாரம். கடைசியில் கிடைத்த வரைபடத்தில் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு சின்ன முகடு. கலப்பு இருக்கிறது என்று பொருள். மறுபடியும் கல்வம். சொந்த வளாகத்தில் இல்லாத கருவிக்கு, சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் மையம் போன்ற இடங்களுக்கு மாதிரியை அனுப்பி, ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். அந்தக் கட்டணத்தைத் துறை தருமா, கைடின் திட்டம் தருமா, மாணவரின் பையிலிருந்து போகுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். இந்தத் தாமதம் எந்த முன்னேற்ற அறிக்கையிலும் பதிவாவதில்லை. வெளியே இருப்பவருக்கு அந்த ஒரு மாதம் சும்மா இருந்த மாதமாகவே தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவில் மாணவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே நிற்பவர் கைடு. பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம். தலைப்பைத் தேர்ந்தெடுப்பது, கருவி நேரம் வாங்கித் தருவது, கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்று முடிவு செய்வது, விடுப்புக் கடிதம், உதவித்தொகைக்கான கையெழுத்து எல்லாம் அந்த ஒருவர் வழியாகவே நடக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்திலும் இதே நிலைதான். தனியாரில் இன்னொன்று சேர்கிறது: கைடும் ஆண்டு இலக்கோடு வேலை பார்ப்பவர். இத்தனை ஸ்கோபஸ் கட்டுரை, இத்தனை காப்புரிமை, இத்தனை நிதி என்று அவருக்கே ஓர் எண் தரப்பட்டிருக்கும். அவருடைய சம்பள உயர்வு அதைப் பொறுத்தது. மேலிருந்து வரும் அந்த அழுத்தம் மாணவர் மேசையில் வந்து இறங்குகிறது.

பட்டத்துக்கு முன்பே ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2016 விதிகள் சொல்லின. 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டன. ஆனாலும் பல தனியார் நிறுவனங்கள் தம் சொந்த விதியில் அதை விடவில்லை. இரண்டு, மூன்று என்று கேட்கும் இடங்களும் உண்டு. ஓர் இதழில் மதிப்பாய்வு முடிந்து கட்டுரை வர ஓர் ஆண்டும் ஆகலாம். கெடு நெருங்கும்போது, பணம் வாங்கிக்கொண்டு சில வாரத்தில் அச்சிட்டுத் தரும் இதழ்களின் மின்னஞ்சல் மாணவரின் கண்ணில் படுகிறது. நல்ல கைடு இருந்தால் அங்கேயே தடுத்துவிடுவார். இலக்கை மட்டும் பார்க்கும் கைடு தடுக்க மாட்டார். பின்னாளில் அந்தக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றால், முதல் பெயராக இருப்பது மாணவரின் பெயர்.

ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் மாணவர் தன் முன்னேற்றத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். மாணவர்கள் இதை டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் என்பார்கள். குழுவை உண்மையாக நடத்தும் துறைகளில், கைடுக்கும் தெரியாத ஓட்டையை வேறொருவர் காட்டிக்கொடுப்பார்; மூன்றாம் ஆண்டில் வரவேண்டிய அதிர்ச்சி முதல் ஆண்டிலேயே வந்துபோகும். வேறு சில இடங்களில் அது இருபது ஸ்லைடும் கையெழுத்துமாக முடிகிறது. அப்படி முடியும்போது மகிழும் மாணவர், வெளித்தேர்வாளரின் அறிக்கை வரும் நாளில் அதற்கு விலை கொடுக்கிறார்.

தனியார் பல்கலைக்கழகத்தில் மிகவும் அஞ்ச வேண்டியது, கைடு வேலையை விட்டுப் போவது. கூடுதல் சம்பளம், சொந்த ஊர், அரசு வேலை என்று ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருப்பது இங்கே இயல்பு. கைடு போகும் நாளில் ஆய்வகத் திறவுகோலும், திட்ட நிதியும், சில சமயம் கருவியும்கூடப் போய்விடும். மாணவர் துறைத் தலைவரின் அறை வாசலில் நிற்கிறார். புதிய கைடின் துறை வேறாக இருந்தால் தலைப்பையே மாற்றச் சொல்வார். இரண்டு ஆண்டு உழைப்பு ஒரு வாரத்தில் பழைய கோப்பாகிவிடுகிறது. சேரும்போதே இணை வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டவர்கள் இதில் ஓரளவு தப்பிக்கிறார்கள். சேர்வதற்கு முன் அந்த ஆய்வகத்து சீனியர்களிடம் பேசினால், கைடிடம் பட்டம் முடித்தவர் எத்தனை பேர், பாதியில் போனவர் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். எந்த விளம்பரப் புத்தகமும் தராத தகவல் அது.

பெண்களுக்கு விதிகளில் சில பாதுகாப்புகள் உண்டு. ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். திருமணமோ வேறு காரணமோ ஊர் மாற்றினால் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். விடுதியின் மாலை நேரக் கெடு மட்டும் விதிப்புத்தகத்துக்கு வெளியே நிற்கிறது. இளநிலை மாணவியருக்கு வைத்த அதே கெடு, முப்பது வயது ஆய்வாளருக்கும் பல வளாகங்களில் பொருந்துகிறது. இரவெல்லாம் ஓட வேண்டிய சோதனையை உடன் இருக்கும் ஆண் மாணவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆறு ஆண்டில் அப்படி எத்தனை இரவு போகிறது என்று எந்த நிர்வாகமும் கணக்குப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

பகுதிநேர ஆய்வாளர்களின் உலகம் வேறு. பெரும்பாலோர் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள். பணியிடத்தின் தடையின்மைச் சான்றோடு சேர்கிறார்கள். வாரத்தில் ஐந்தாறு நாள் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் கைடைப் பார்க்கப் பயணம். தரவு கணினியில் அடங்கும் தலைப்பையே இவர்கள் விரும்பி எடுக்கிறார்கள். உலையும் நுண்ணோக்கியும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காது.

சிக்கல் வந்தால் முறையிட இடம் உண்டு. மானியக் குழுவின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க் குழுவும், அதற்கு மேல் ஓம்புட்ஸ்பர்சன் எனும் குறைதீர்ப்பாளரும் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. இருந்தும் ஆய்வு மாணவர் முறையிடத் தயங்குகிறார். இளநிலை மாணவர் ஆசிரியர் ஒருவரோடு மோதினால் அடுத்த பருவத்தில் வேறு ஆசிரியர் வருவார். ஆய்வு மாணவர் புகார் கொடுத்த மறுநாளும் அதே கைடின் கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

எல்லாம் கூடி வந்தால் சினாப்சிஸ் எனும் ஆய்வுச் சுருக்கம், பிறகு ஆய்வேடு. அதற்கு முன் கருத்துத்திருட்டுச் சோதனை. மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். சொந்த ஆங்கிலத்தில் எழுதப் பழகாதவர்கள் இந்தக் கட்டத்தில் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாகத் திருப்பிப் போட்டு மென்பொருளில் மீண்டும் ஏற்றிப் பார்க்கிறார்கள். கைடு தவிர குறைந்தது இரண்டு வெளித்தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படிக்க வேண்டும். சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது விதி. அறிக்கை வராத ஒவ்வொரு வாரமும் மாணவர் ஆய்வுப் பிரிவு அலுவலகத்தின் சன்னல் ஓரம் நின்றுவிட்டு வருகிறார்.

வைவா எனும் வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். அன்று கருத்தரங்கக் கூடத்தின் கடைசி வரிசையில் மாணவரின் அப்பாவும் அம்மாவும் அமர்ந்திருப்பார்கள். வேட்டி மடிப்புக் கலையாமல், பட்டுப் புடவையில், திரையில் ஓடும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் புரியாமல். வாசலில் சிற்றுண்டிப் பொட்டலங்களை ஜூனியர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். பல துறைகளில் அந்தச் செலவு மாணவருடையது. கேள்விகள் முடிந்து, குழு தனியே பேசித் திரும்பி, தலைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவிக்கும்போது கூடம் கைதட்டுகிறது. எதற்கு என்று தெரியாமலே அம்மாவும் தட்டுகிறார். கைடு முதன்முறையாகப் பெயருக்கு முன் டாக்டர் சேர்த்து அழைக்கும்போதுதான் அம்மாவுக்கும் விளங்குகிறது.

அதன் பிறகு ஆய்வேட்டின் மின்படி காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையத்தின் சோத்கங்கா களஞ்சியத்துக்குப் போகிறது. தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வருகிறது. கணிசமானோர் அதே பல்கலைக்கழகத்திலோ அதைப் போன்ற இன்னொன்றிலோ உதவிப் பேராசிரியராகச் சேர்கிறார்கள். நிரந்தரப் பணியும் மூன்று ஆய்வுக் கட்டுரைகளும் இருந்தால் அவர்களும் கைடாகலாம். நான்கு மாணவர்கள் வரை சேர்த்துக்கொள்ளலாம்.