மூணு மணிக்கு நிற்கும் இணையமும் ஒரு தகரமும்

அம்மாவைப் பார்த்துக்கொள்ள சென்னையிலிருந்து சின்னமனூர் வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்த முதல் ஏப்ரல். தினமும் மதியம் மூன்று மணி வாக்கில் இணையம் போய்விடும். பொழுது சாய்ந்ததும் தானாக வந்துவிடும். மேனேஜர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா ஆபீஸுக்கே வந்துடுங்க" என்றார். லைன் ஆட்கள் மூன்று முறை வந்தார்கள். மூன்றும் காலை நேரம், எல்லாம் சரியாகவே இருந்தது. ஃபைபர் மோடத்தையே மாற்றினார்கள். புதியதும் மூணு மணிக்கு நின்றது.

பதினைந்து வருஷம் புரோகிராம் எழுதியவன் என்பதால் எனக்கு மென்பொருள் மேல்தான் சந்தேகம். நாலு நாள் லாக் பார்த்து வீணாக்கினேன். ஐந்தாம் நாள், நின்ற நேரத்தில் மாடிக்குப் போய், மோடம் இருக்கும் இரும்புப் பெட்டியைத் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 61 டிகிரி. வெளியே 37. மோடத்தின் அடியில் "0 முதல் 40 டிகிரி வரை" என்று அச்சிட்டிருக்கிறது.

சூடானால் ஏன் நிற்கிறது? நம் பக்கமிருந்து தகவலை அனுப்புவது, 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும் குட்டி லேசர். எந்த லேசருக்கும் ஒளிர ஆரம்பிக்க ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் வேண்டும். சூடு ஏற ஏற அந்த அளவும் ஏறும். வெளிச்சம் குறைகிறதே என்று உள்ளிருக்கும் சர்க்யூட் மின்னோட்டத்தைக் கூட்டும். கூட்டினால் சூடு இன்னும் ஏறும். இந்தச் சுழலில் ஒரு கட்டத்துக்கு மேல் ஒளி போதாமல் போகும், இணைப்பு அறுந்துவிடும்.

சரி, ஒரு ஃபேன் வைத்தால் போதுமே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டேன். மோடமும் அடாப்டரும் சேர்ந்து தள்ளும் சூடு சுமார் 8 வாட். பெட்டி இருப்பதோ மேற்குச் சுவரில். அதன் முகப்பு 30 செ.மீ.க்கு 25 செ.மீ. மூன்றரை மணி வெயில் அதன் மேல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 700 வாட் கொட்டுகிறது. சாம்பல் நிறப் பெயின்ட் அதில் முக்கால்வாசியைக் குடித்துவிடும் என்று வைத்தால், கிட்டத்தட்ட 39 வாட். ஆக, மோடத்தின் சொந்தச் சூட்டைப் போல நாலு மடங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது! மூடிய பெட்டிக்குள் ஃபேன் வைத்தால் அது அதே சூட்டைக் கிளறிக்கொண்டிருக்கும், தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும். ஓட்டை போட்டு ஃபேன் வைத்தால், ஆடிக் காத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் புழுதி முழுக்க உள்ளே வந்துவிடும்.

சூட்டைத் துரத்துவதற்கு முன், வராமல் தடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் முதல் பாடம். இதை நமக்குப் பக்கத்திலேயே பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1960 வாக்கில் அமைத்த தொலைநோக்கியின் வேலையே சூரியனைப் பார்ப்பது, அங்கே வெயிலைத் தடுக்க வழியில்லை. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும் சூடான காற்று பிம்பத்தை நடுங்க வைக்கும். அதனால் 60 செ.மீ. கண்ணாடிகளை 11 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏற்றினார்கள். அவை சூட்டில் அதிகம் விரியாத உருக்கிய குவார்ட்ஸால் ஆனவை. ஒளி அங்கிருந்து கீழிறங்கி, 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கத்துக்குள் போகிறது. மண்ணுக்கடியில் பகலும் இரவும் வெப்பம் அதிகம் மாறாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் லென்ஸ். விட்டம் 38 செ.மீ., குவியத் தூரம் 36 மீட்டர். சூரிய பிம்பம் 34 செ.மீ. அகலத்துக்கு விழுகிறது. அதாவது உள்ளே வந்த ஒளி, ஏறக்குறைய லென்ஸ் அளவு பரப்பிலேயே விரிகிறது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரித்திருப்போமே, அந்த மாதிரி எதுவும் இங்கே எரியாது. சூட்டை ஒரு புள்ளியில் சேரவிடாமல் பரப்பிவிட்டார்கள்.

சூடு உள்ளேயே பிறந்தால்? அதற்கும் நம்ம பக்கமே உதாரணம் உண்டு. தேவாரம் அருகே பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பும் வழக்குகளும் வந்தன, மலையைக் குடையவில்லை. அது வேண்டுமா வேண்டாமா என்பது தனிப் பேச்சு. அதன் குட்டி மாதிரி, 85 டன் இரும்புக் காந்தம், மதுரையில் இருக்கிறது. அதன் செம்புச் சுருளில் ஓடுவது ஏறக்குறைய 900 ஆம்பியர். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். வெளியே காற்று வீசினால் இதற்குப் போதாது. அதனால் செம்பையே குழாய் மாதிரி நடுவில் துளையோடு செய்து, உள்ளே தண்ணீர் ஓட விடுகிறார்கள். மின்சாரம் பாயும் உலோகத்தைத் தொட்டபடி ஓடுவதால், உப்புகள் நீக்கிய, மின்சாரத்தைக் கடத்தாத தண்ணீர்தான் ஆகும். சூடு பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடித்து வெளியேற்றுவது இரண்டாவது பாடம்.

இந்த இரண்டையும் என் பெட்டியில் செய்தேன். பெட்டியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒரு தகரத்தைக் கூரை போல மறைப்பாக அடித்தேன். இடைவெளி முக்கியம். தகரம் சூடானாலும் இடையில் காற்று மேலேறிப் போய்விடும். பெட்டிக்கு வெள்ளைப் பெயின்ட். அடாப்டரை வீட்டுக்குள் கொண்டுபோனேன். பெட்டிக்கு அடியிலும் மேலேயும் துளை போட்டு, பல்லியும் எறும்பும் நுழையாமல் மெல்லிய வலை ஒட்டினேன். மறுநாள் மூன்றரைக்கு உள்ளே 44 டிகிரி. நாற்பதுக்குள் வரவில்லைதான், ஆனால் இணைப்பு நிற்கவில்லை. அன்றிலிருந்து மேனேஜரும் சென்னைப் பேச்சை எடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் கேமராவோ, இன்வர்ட்டரோ, மோடமோ அடிக்கடி நின்றால், கருவியை மாற்றும் முன் நிற்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வையுங்கள். நேரம் ஒத்துப்போனால் அந்த நேரத்தில் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பாருங்கள். லைன் தம்பி நாலாவது முறை வந்தபோது தகரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணே, மேக்குச் செவுத்துல இன்னும் அஞ்சாறு வீடு இருக்குண்ணே. அங்கயும் மூணு மணிதான்" என்றான்.