மடுவில் தேங்கிய பெருக்காறு: அல்லிக்கேணியும் சிந்தாதிரிப்பேட்டையும் காட்டும் அர்ச்சாவதாரப் பொருள்

ஸ்ரீமந் நாராயணன் பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என்னும் ஐந்து நிலைகளில் எழுந்தருளியிருக்கிறான் என்பது பாஞ்சராத்திர சாஸ்திரத்தின் துணிபு. இவற்றுள் விபவம் எனப்படுவது மத்ஸ்யம், கூர்மம் முதலான அவதாரங்கள். ஆழ்வார்களின் அருளிச்செயலில் பெரும்பகுதி இவ்வவதாரங்களில் ஆழங்கால்பட்டுப் பாடியதே. கண்ணன் உரலோடு கட்டுண்ட எளிமையை நினைந்த அளவிலே நம்மாழ்வார் ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்று, திருவாய்மொழி முதற்பத்தின் மூன்றாம் திருவாய்மொழிக்கு ஐதிஹ்யம் கூறுவர்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. இராமன் திரேதா யுகத்திலும் கண்ணன் துவாபர யுகத்தின் இறுதியிலும் தோன்றித் தன்னடிச்சோதிக்கு எழுந்தருளினர். பின் பிறந்தவர்க்கு அவ்வவதாரங்கள் கேள்வி மாத்திரமே அன்றோ? அயோத்தியில் ஒரு புல்லாய்ப் பிறந்தவர்க்கும் வாய்த்த பேறு, காலத்தால் பிற்பட்ட ஒரே காரணத்தால் இவர்களுக்கு இல்லையாயிற்றோ? இவ்வையத்துக்கு விடை காணாமல் அவதாரப் பாசுரங்களைச் சேவிப்பவன், பழங்கதையைக் கேட்பவனாகவே நின்றுவிடுவான்.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் இதற்கு நீரை உவமையாக்கி விடை அருளினார். தாகம் கொண்டவன் ஒருவனைக் கருதுக. அவன் காலடியில் பூமிக்குள்ளே நீர் இருக்கிறது, தோண்டுவார்க்கன்றி எட்டாது. அந்தர்யாமி நிலை அத்தகையது. அண்டத்துக்குப் புறம்பே சூழ்ந்த ஆவரண நீரைப் போன்றது பரத்வம். உள்ளது என்று கேட்டும் சென்று பருக இயலாத பாற்கடலைப் போன்றது வ்யூஹம். அருகிலே பெருகிவந்தும் அக்காலத்தார்க்கே உதவி வடிந்துபோகும் ஆற்றுப் பெருக்கைப் போன்றன விபவங்கள். அவ்வாறு பெருகியபோது நிறைந்து, ஆறு வடிந்த பின்னும் தேங்கி நிற்கும் மடுக்களைப் போன்றது அர்ச்சாவதாரம்.

இவ்வுவமையின் உயிர்நிலை, மடுவில் உள்ளது ஆற்று நீரே என்பதில் இருக்கிறது. மடுவுக்கென்று வேறொரு நீர் சுரக்கவில்லை. ஆகவே அர்ச்சை என்பது அவதாரத்தை நினைவூட்டும் அடையாளம் என்பது பொருந்தாது. அவதரித்த அவனே அந்தக் குணங்களோடு நிற்கும் நிலை அது. பரமபதத்தில் பகல் விளக்காய் மழுங்கும் ஸௌலப்யம், இங்கே இருட்டறையில் ஏற்றிய விளக்கென ஒளிர்கிறது என்றும் ஆசார்யர்கள் காட்டினர்.

இப்பொருளைக் கண்கூடாகக் காட்டும் திவ்யதேசம் திருவல்லிக்கேணி. தலத்தின் பெயரிலேயே ஒரு நீர்நிலை இருப்பதும் நோக்கத்தக்கது. பெரிய திருமொழி இரண்டாம் பத்தின் மூன்றாம் திருமொழியில் திருமங்கையாழ்வார் இத்தலத்தைப் பத்துப் பாசுரங்களால் மங்களாசாஸனம் செய்தார். கஞ்சனும் மல்லரும் யானையும் வீழ்ந்தமை, பூதனை முலையுண்டமை, மலையைக் குடையாக எடுத்தமை, பாண்டவர்க்குத் தூது சென்றமை, பார்த்தனுக்குத் தேர் ஓட்டியமை ஆகிய கண்ணன் செயல்கள் அங்கே வருகின்றன. தம்பியரும் மைதிலியும் சூழ நின்ற இராமன், சிறுவனுக்காகத் தோன்றிய நரசிங்கன், ஆனையின் துயர் தீர்த்த வரதன் ஆகியோரும் அவ்வாறே வருகின்றனர். செயல்களெல்லாம் இறந்தகாலத்தன, வெவ்வேறு யுகத்தன, வெவ்வேறு இடத்தன. ஆயினும் முதல் ஒன்பது பாசுரங்களையும் ஆழ்வார் அவனை இவ்வல்லிக்கேணியிலே தாம் கண்டதாகவே தலைக்கட்டுகிறார். கேட்டதாகச் சொல்லவில்லை, நினைத்ததாகவும் சொல்லவில்லை. வடமதுரையிலும் அயோத்தியிலும் நடந்தவற்றுக்கு உரியவனை ஒரு கடற்கரைத் தலத்தில் கண்ணால் கண்டதாகச் சொல்லும் துணிவே அத்திருமொழியின் ஸாரம். வேங்கடகிருஷ்ணன், அரங்கநாதன், சக்கரவர்த்தித் திருமகன், தெள்ளிய சிங்கர், கஜேந்திர வரதர் என ஐந்து மூர்த்திகள் அங்கே ஸேவை ஸாதிப்பது, பல யுகங்களின் பெருக்கு ஒரே மதிளுக்குள் தேங்கியதைப் போன்றது.

திருமழிசையாழ்வார் இன்னும் ஒருபடி நெருங்கிச் செல்கிறார். நான்முகன் திருவந்தாதியில், அல்லிக்கேணியில் அரவணைமேல் வாய் திறவாது கிடக்கும் எம்பெருமானை நோக்கி, உலகளந்த அயர்ச்சியாலோ இவ்வாறு கிடக்கிறாய் என்று வினவுகிறார். உலகளந்தது திரிவிக்கிரமாவதாரத்தில், கிடப்பதோ அர்ச்சையில். அங்கே நடந்த கால்களுக்கு இங்கே அயர்வு உண்டாயிற்றோ என்று ஐயுறுபவர், இரண்டையும் ஒரே திருமேனியாகக் கண்டவரே ஆதல் வேண்டும். ஒப்புமை கூறுபவனுக்கு இவ்வயிற்றெரிச்சல் பிறவாது. உற்சவரான பார்த்தசாரதியின் திருமுகத்தில் காணும் வடுக்களைப் பாரதப் போரில் வீடுமன் எய்த அம்புகளின் தழும்புகள் என்று அடியார்கள் கொண்டாடுவதும் இந்நிலையிலேயே பொருள் பெறுகிறது. விபவத்தில் பட்ட அம்பின் தழும்பை அர்ச்சையின் திருமேனி சுமக்கிறது.

இதுவரை கூறியது ஆழ்வார்கள் பாடிய தலத்தைப் பற்றியது. பாசுரம் பெறாத தலங்களின் நிலை யாது என்பதே அடுத்த வினா. திருவல்லிக்கேணியிலிருந்து அண்ணா சாலையைக் கடந்து வடமேற்கே சென்றால், கூவம் ஆறு வளைத்தோடும் சிந்தாதிரிப்பேட்டை வருகிறது. 1734-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கும்பினியார் நெசவாளரைக் குடியமர்த்தி உண்டாக்கிய பேட்டை இது. சின்னத்தறிப்பேட்டை என்பதே இவ்வாறு மருவிற்று என்பர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் அங்கே அருகருகே அமைந்துள்ளன. ஆழ்வார்கள் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட குடியிருப்பு ஆதலின் பெருமாளுக்கு மங்களாசாஸனம் இல்லை. நூற்றெட்டில் ஒன்றாக எண்ணப்படுவதும் இல்லை. பகல் முழுதும் தறியில் அமர்ந்து மாலையில் விளக்கேற்ற வந்த நெசவாளன் சேவித்தது, அல்லிக்கேணியில் நின்றவனைத்தானா, அவனில் ஒரு குறைந்த நிலையையா?

குறைந்ததன்று என்பதே சம்பிரதாயத்தின் விடை. ஸ்வயம்வ்யக்தம், தைவம், ஆர்ஷம், மாநுஷம் என்று ஆகமங்கள் வகுப்பது, எம்பெருமானை எழுந்தருளப் பண்ணியவர் யார் என்பதைப் பற்றிய பாகுபாடு. எழுந்தருளியவனுடைய ஸ்வரூபத்தை அது பகுக்கவில்லை. அடியார்கள் எவ்வடிவை உகந்தனரோ, எப்பெயரை இட்டனரோ, எவ்விதமாகச் சிந்தித்தனரோ, அவற்றையே அவன் தனக்கு உரியனவாகக் கொள்கிறான் என்று பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் அறுதியிட்டார். கீதை நான்காம் அத்தியாயத்தின் பதினோராம் சுலோகத்துக்கு பாஷ்யம் இட்ட எம்பெருமானாரும், தேவ மனுஷ்யாதி ரூபங்களில் அவதரித்துக் காப்பதோடு அமையாமல், சரணடைந்தோர் எவ்வாறு விரும்புகின்றனரோ அவ்வாறே தன்னைக் காட்டுகிறான் என்று பொருள் அருளினார். விரும்பியவர் முனிவராயினும் நெசவாளராயினும் இவ்வாக்குக்கு இலக்கே.

கேசவன் என்னும் திருநாமமும் இதற்குச் சான்றாகிறது. கேசி என்னும் குதிரை அசுரனை அழித்தவன் என்பது ஒரு பொருள், அது விபவம். பிரமனுக்கும் ஈசனுக்கும் காரணன் என்பது மற்றொரு பொருள், அது பரத்வம். அத்திருநாமம் கொண்டு பேட்டையில் நிற்பது அர்ச்சை. பன்னிரு திருநாமங்களுள் இது முதலாவது. திருவாய்மொழி இரண்டாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியை இத்திருநாமத்தால் தொடங்கும் நம்மாழ்வார், தம்மைச் சார்ந்தவர் முன்னும் பின்னும் ஏழேழ் பிறவியளவும் கேசவனுக்கு உரியவராயினர் என்று வியக்கிறார். அவன் அருள் ஒரு காலத்தோடு நின்றுவிடாமல் பின்வரும் தலைமுறைகளையும் வந்தடைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்கு வேண்டா.

அவ்வாறாயின் திவ்யதேசங்களின் ஏற்றம் என்ன? அர்ச்சையை எவ்வாறு காணவேண்டும் என்பதை ஆழ்வார்கள் அங்கே நின்று கண்டு காட்டினர். பாசுரம் அந்தப் பார்வையைத் தருகிறது. அதைக் கற்றவன், பாசுரம் பெறாத கோயிலிலும் அப்பார்வையோடே நிற்கிறான். பேட்டையின் கோயிலிலும் திருமங்கையாழ்வாரைப் போலவே, கண்டேன் என்று அவனால் சொல்ல இயலும். மடுக்களில் சில பெரியன, சில சிறியன. சில பாடப் பெற்றன, சில பெறாதன. தாகித்தவன் அள்ளிப் பருகுவது எங்கும் அவ்வாற்று நீரையே.