திறந்த வாயிலும் பட்டத்தின் மதிப்பும்

குடும்பச் சுமையால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஜீவனோபாயத்துக்காக ஆலையிலோ கடையிலோ பல்லாண்டு உழைத்தபின் மீண்டும் கல்வியை நாடி வருகிற ஒருவரிடம், அவர் என்றோ எழுதாமல் விட்ட பரீட்சையின் சான்றிதழைச் சர்வகலாசாலை கேட்பதா, இன்று அவருக்குள்ள கற்கும் சக்தியைச் சோதித்துப் பார்ப்பதா என்பதே தொலைநிலைக் கல்வியின் ஆதாரமான பிரச்சினை. இதற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன; நம் நாட்டிலோ ஒரே காலத்தில் இருவேறு விடைகள் சொல்லப்பட்டதனால் விளைந்த துன்பம் சிறிதன்று.

1858-லேயே லண்டன் சர்வகலாசாலை, கல்லூரியில் சேர்ந்து பயிலாதவர்களும் தன் பட்டப் பரீட்சைகளை எழுதலாம் என்று அனுமதித்தது. ஆயினும் இடத்தின் கட்டு தளர்ந்ததேயன்றி, மெட்ரிகுலேஷனில் தேறியாக வேண்டும் என்ற நிபந்தனை தளரவில்லை. 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோதும் நிலைமை ஏறக்குறைய இதுவே: பாடம் தபாலில் வரும், பிரவேசத் தகுதி கல்லூரி மாணவருக்கு உரியதே.

இந்த மரபை உடைத்தது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1963-இல் அந்நாட்டுத் தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் முன்வைத்த யோசனையை, ஜென்னி லீ என்ற அம்மையார் அமைச்சராக இருந்து, பலருடைய பரிகாசத்தையும் பொருட்படுத்தாமல் நிறைவேற்றி வைத்தார். 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971-இல் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களோடு அது பாடம் தொடங்கியபோது, எவரிடமும் முந்தைய சான்றிதழ் எதுவும் கேட்கப்படவில்லை. இடமிருக்கும் வரை, முதலில் விண்ணப்பித்தவர் முதலில் சேர்க்கப்பட்டார். ஆனால் உள்ளே நுழைந்தவருக்குச் சலுகை ஏதும் இல்லை என்பதைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் அடித்தளப் படிப்பு. இடையிடையே தபாலில் அனுப்பித் திருத்தம் பெற வேண்டிய கட்டுரைகள். கோடையில் நேரில் தங்கிப் பயிலும் ஒரு வாரம். முடிவில், பிற சர்வகலாசாலைகளின் பேராசிரியர்களும் மேற்பார்வை செய்யும் பரீட்சை. வாயிலில் விதிக்கப்பட்டு வந்த தகுதியை எடுத்துப் பட்டத்தின் முன் வைத்த இந்த ஏற்பாடு, கல்வித் துறையில் நிகழ்ந்த பெரிய நியாயங்களுள் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் காற்று இங்கும் வீசியது. 1982-இல் ஆந்திரத்திலும், 1985-இல் இந்திரா காந்தியின் பெயரால் தேசிய அளவிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அதே 1985-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகள் மிதமானவை, விவேகமானவை: பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பை முடித்தவர் தொலைநிலை இளங்கலையில் சேரலாம், முந்தைய படிப்புச் சான்று இல்லாதவராயினும், இருபத்தொரு வயது நிரம்பியிருந்து, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறினால் அவரும் சேரலாம், முதுகலைக்கோ மூன்றாண்டு இளங்கலைப் படிப்பு இன்றியமையாதது.

இந்தக் கடைசி வரம்பைத்தான் சில பல்கலைக்கழகங்கள் மீறின. இளங்கலையே பயிலாதவர்களை, வயதை மட்டும் தகுதியாகக் கொண்டு, நேரே எம்.ஏ. வகுப்பில் சேர்த்துப் பட்டமும் அளித்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மானியக் குழுவின் விதிகள் திறந்தநிலைக் கல்வியையும் கட்டுப்படுத்தும் என்றும், அடிப்படைப் பட்டமில்லாத முதுகலை செல்லாது என்றும் 2009-இல் தீர்ப்பாயிற்று. அஸ்திவாரமின்றி மேல்மாடி கட்டக் கூடாது என்ற அளவில் அத்தீர்ப்பு நியாயமானதே. ஆனால் அதே ஆண்டு தமிழக அரசு பிறப்பித்த 107-ஆம் எண் அரசாணை, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தேறிய பின்னர் பெற்ற திறந்தநிலைப் பட்டங்களே அரசுப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கத்தக்கவை என்று வரையறுத்தது. அதனால், விதி அனுமதித்த நுழைவுத் தேர்வை முறைப்படி எழுதி, மூன்றாண்டுகள் இரவு கண்விழித்துப் படித்துப் பட்டம் பெற்றவரும், அரசுப் பணியைப் பொறுத்தமட்டில் பட்டமில்லாதவரோடு சேர்த்து எண்ணப்பட்டார்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. தரத்தைக் காப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. அதற்குரிய இடம் பரீட்சை மண்டபமும் பாடத்திட்டமுமேயன்றி, ஓர் ஏழையின் பதினேழாவது வயதன்று. பொது ஸ்தாபனம் ஒன்று கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்த்துப் பாடம் நடத்திப் பரீட்சை வைத்துத் தேறினார் என்று கையெழுத்திட்ட பின்பு, சேர்க்கையைக் குறையாகச் சொல்லி அந்த மாணவரைத் தண்டிப்பது தர்மமாகாது.

முறைப்படி அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமமானதே என்று மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியிருப்பது ஆறுதலளிக்கிறது. ஆனால் அந்த அங்கீகாரம் நிறுவனத்துக்கு மட்டுமன்றி, சேரவிருக்கும் குறிப்பிட்ட படிப்புக்கும் அந்த ஆண்டுக்கும் உண்டா என்பதை மானியக் குழுவின் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் அரசு வேலையை நாடுவோர், தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகவோ அத்தேர்வை முதலில் முடித்துக்கொள்வது உத்தமம். அங்கே வயது உச்சவரம்பு தடையாக நிற்பதில்லை. பல்கலைக்கழகங்களும், எந்தத் தகுதியோடு சேர்ந்தால் பட்டம் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, எளிய தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டும்.