பாவிலே பிழை

எடுத்த வேலையை முடிக்காமல் விடுவது இழுக்கு என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 'முன்வைத்த காலைப் பின்வையாதே' என்பது நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் மொழி. ஆயின், விடவேண்டிய வேலையை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதும் ஓர் இழுக்கே. இதை எனக்குக் கற்பித்தது ஆய்வுக்கூடம் அன்று, பாலராமபுரத்துத் தறி.

எங்கள் குடும்பம் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பாறசாலைக்கு அருகே எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் குடியேறியது. அங்கிருந்து திருவனந்தபுரம் செல்லும் பேருந்து நெய்யாற்றின்கரையைக் கடந்தால் பாலராமபுரம் வரும். பாலராமவர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழகத்திலிருந்து சாலியர் குடும்பங்களை வருவித்துக் குடியமர்த்திய ஊர் அது. அதன் பருத்தித் துணி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. என் மாமா அங்கே இரண்டு குழித்தறிகள் வைத்து நெய்கிறார்.

சென்ற ஆண்டு அக்காளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. என் கையாலேயே ஒரு சேலை நெய்து கொடுக்க ஆசைப்பட்டேன். ஓணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் ஒரு தறியை ஒழித்துக் கொடுத்தார். பாவும் நானே போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பிழை அங்கேதான் நேர்ந்தது.

நெசவு அறியாத நண்பர்களுக்கு ஒரு சொல். தறியில் நீளவாக்கில் முதலிலேயே கட்டப்படும் இழைகள் பாவு. குறுக்கே ஒவ்வொன்றாகச் செல்லும் இழை ஊடை. நூலின் பருமனை நம்பரால் குறிப்பர். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ, அதுவே நூலின் நம்பர். ஆகவே நம்பர் கூடக் கூட நூல் மெலியும். என் பாவில் 100ஆம் நம்பர் நூலோடு 60ஆம் நம்பர் நூலும் ஒரு பக்கத்தில் கலந்துவிட்டது. தடித்த நூலும் மெல்லிய நூலும் ஒரே இழுவையில் ஒரே அளவு நீள்வதில்லை. தறியில் இறுகி நிற்கும்போது பெரிதாகத் தோன்றாத வேறுபாடு, இழுவை தளர்ந்ததும் நெளிவாக வெளிப்படும்.

முதல் சாணிலேயே எனக்கு ஐயம் தட்டிற்று. ஆயினும் நிறுத்தவில்லை. இரண்டு ஞாயிறு உழைத்தாயிற்றே என்று மூன்றாம் ஞாயிறும் உழைத்தேன். மூன்று போயிற்றே என்று நான்காவதையும் போக்கினேன். ஒன்றரை முழம் ஏறியது. மாமா துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மருமகனே, ஊடையில தப்புன்னா நாலு இழையப் பிரிச்சுட்டு நெய்யலாம். பாவுல தப்புன்னா கடைசி முழம் வரைக்கும் கூடவே வரும்."

அப்போதும் என் மனம் ஒப்பவில்லை. அன்று மாலை ஒரு கடைக்காரர் ஓணத்துக்குத் துணி கேட்டு வந்தார். கேட்டதில் பாதிதான் தரமுடியும் என்று மாமா சொல்லி அனுப்பியதை நான் தறிக்குழியில் இருந்தபடியே கேட்டேன். நான் வராத ஆறு நாளும் அந்தத் தறி என் பாவைச் சுமந்துகொண்டு சும்மா கிடந்தது. என் ஞாயிறுகளை எண்ணிய நான், மாமாவின் கூலி நாட்களை எண்ணவே இல்லை!

போன செலவைக் காரணமாக்கி மேலும் செலவிடும் இந்த மயக்கத்தை உளவியலார் ஆராய்ந்திருக்கின்றனர். ஆர்க்ஸ், புளூமர் என்னும் இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுவையானது. நாடகப் பருவச்சீட்டு வாங்கியவர்களுள் சிலருக்கு மட்டும், முன்னேற்பாடு ஏதுமின்றிக் குலுக்கல் முறையில் விலை குறைத்துக் கொடுத்தனர். நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றே. ஆயினும் முழு விலை கொடுத்தவர்களே பருவத்தின் முற்பாதியில் மிகுதியாகச் சென்றனர். அவர்களை இழுத்தது நாடகம் மட்டும் அன்று. கொடுத்த காசும் இழுத்தது. தனி மனிதர்க்கு மட்டுமா இந்த மயக்கம்? 1962இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் செய்து தொடங்கிய கான்கார்டு விமானத்தின் செலவு மதிப்பீட்டை மீறி ஏறிக்கொண்டே போயிற்று. இருந்தும் விடவில்லை. கட்டியவை மொத்தம் 20 விமானங்களே. 2003இல் அவை பறப்பதும் நின்றது. இந்த மயக்கத்துக்கே இன்று 'கான்கார்டு மயக்கம்' என்றொரு பெயர் உண்டு.

அப்படியானால் எப்போது விடுவது? மூன்று கேள்விகள் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிழை பாவிலா, ஊடையிலா? ஊடையில் என்றால் பிரித்துத் திருத்துக, விடாதே. இனி ஆகும் உழைப்புக்கு இனி வரும் பயன் ஈடாகுமா? போனது இந்தக் கணக்கில் சேராது. நான் இதைப் பிடித்திருப்பதால் எந்தத் தறி, யாருடைய தறி, சும்மா கிடக்கிறது? சலிப்பு இம்மூன்றில் எதிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கை வலிக்கிறது, நாள் ஆகிறது என்பவை விடுவதற்குக் காரணங்கள் ஆகா. தொழிலைக் குறையாக விடாதே என்று ஆள்வினையுடைமையில் கண்டித்த வள்ளுவரே, கைம்முதலை அழிக்கும் வினையில் இறங்காதே என்று தெரிந்துசெயல்வகையிலும் எச்சரித்தார் அன்றோ? இரண்டும் முரண் அல்ல; ஊடைக்கு ஒன்று, பாவுக்கு ஒன்று.

விடுவதற்கும் ஒரு முறை உண்டு. மறுநாள் விடுப்பெடுத்துச் சென்று, "மாமா, அறுத்துவிடலாம்" என்றேன். நான் கத்தியைத் துணிக்கு அருகே கொண்டுபோனதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அச்சிலும் விழுதிலும் கோத்த இழைகளை உருவவிடாமல், முனைகள் அங்கேயே நிற்கும்படி பாவை அறுத்தார். அந்த முனைகளில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து இழுத்தால் போதும். மறுபடி கோக்க வேண்டியதில்லை. விட்ட வேலை அடுத்த வேலைக்குத் தலைப்பாக நின்றது. அந்த வாரமே அத்தறியில் ஓணத் துணி ஓடியது.

அக்காளுக்கு மாமாவின் மற்றத் தறியில் நெய்த சேலையை விலை கொடுத்து வாங்கிக் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன், சிரித்தாள். நெளிந்த ஒன்றரை முழம் என் மேசைமேல் இருக்கிறது. நண்பர்களே, நம்முள் இரண்டாண்டு உழைத்தாயிற்றே என்ற ஒரே காரணத்தால் ஓர் ஆய்வையோ ஒரு படிப்பையோ இழுத்துக்கொண்டிருப்பவர் எத்தனை பேர்? பாவைத் தடவிப் பாருங்கள். நன்றாக இருந்தால் ஊன்றி நெய்யுங்கள். இல்லையேல், முனைகளை விட்டு அறுங்கள்.