பதுக்கு நினைவகமும் மொழியுரிமையும்

'பதுக்கல்' என்ற சொல் நம்மிடையே நற்பெயர் பெற்றதன்று. உணவுப் பொருளை மறைத்து வைத்து விலையேற்றும் வணிகனையே அது நினைவூட்டும். கணினியியலில் வழங்கும் பதுக்கு நினைவகமோ இதற்கு நேர்மாறானது. பலரும் வேண்டுவதை ஒருமுறை பெற்றுப் பலருக்கும் விரைவாக வழங்குவது. எனினும், யாருக்கு எது வழங்கப்படுகின்றது என்னும் வினா இங்கும் எழவே செய்கின்றது.

முதலில் அதன் தொழிற்பாட்டினை நோக்குவோம். இணையத்தளத்தின் மூலச் சேவையகத்துக்கு முன்னால் பதிலாள் சேவையகமொன்று நிறுத்தப்படுகின்றது. கேட்கப்பட்ட பக்கம் தன்னிடம் இல்லையெனின், அது மூலத்திடம் பெற்று, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு வாசகருக்கு அனுப்பும். அடுத்து வருவோருக்கு அப்பிரதியே போதுமானது. ஈகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் மென்பொருள் இப்பணிக்குப் பெரிதும் பயன்படுகின்றது. அதனை அமைப்போர் மூன்றினைத் தீர்மானித்தல் வேண்டும்: பிரதிகளை எங்கு, எவ்வளவு வைப்பது, எவ்வளவு காலம் செல்லுபடியாகக் கொள்வது, எவ்வடையாளத்தின் கீழ் வைப்பது.

மூன்றாவதே சிக்கலானது. வேறு கட்டளை இடப்படாவிடின், மூலச் சேவையகமும் பக்கத்தின் முகவரியுமே அடையாளமாகக் கொள்ளப்படும். கேட்டவர் யார், எம்மொழியிற் கேட்டார் என்பன அதில் இடம்பெறா.

முந்தல் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். உடப்பு போன்ற தமிழ்க் கிராமமும் முஸ்லிம், சிங்களக் குடியிருப்புகளும் அடங்கிய கரையோரம் அது. பொதுச்சேவைத் தளமொன்று ஒரே முகவரியில் மும்மொழிப் பக்கங்களை வழங்குகின்றது என்றும், வாசகரின் மொழித்தெரிவு 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பில் உள்ளது என்றும் கொள்வோம். முதலிற் சிங்கள வாசகரொருவர் பக்கத்தைத் திறப்பின், அப்பிரதியே சேமிக்கப்படும். பின்னர் தமிழிற் கேட்கும் உடப்பு வாசகருக்கும் அதுவே கிடைக்கும். முறை மாறின் இழப்பு சிங்கள வாசகருக்கு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை இங்கு எவரது பகைமையுமின்றி, எழுதாது விடப்பட்ட ஒரு வரியினால் மறுக்கப்படுகின்றது.

அந்தரங்கமும் இவ்வாறே பாதிக்கப்படலாம். 2015 டிசெம்பர் 25இல் 'ஸ்டீம்' என்னும் கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில், பதுக்கு நினைவகத்தின் தவறான அமைப்பினால் ஏறத்தாழ 34,000 பேரின் சொந்த விபரங்கள் பிறர் கண்ணிற் படும் நிலை ஏற்பட்டது.

பரிகாரம் கடினமன்று. ஒவ்வொரு மொழிக்கும் தனிமுகவரி அளித்தல் சிறந்தது. இயலாதெனின் மொழிக் குறிப்பையும் அடையாளத்துடன் சேர்த்தல் வேண்டும். தனியாருக்குரிய பக்கங்களைச் சேமிக்கலாகாது என மூலச் சேவையகமே அறிவித்தல் வேண்டும். ஒரே பக்கத்தை ஒவ்வொரு மொழியிலும் வரிசை மாற்றித் திறந்து பார்த்தல் எளிய சோதனையாகும்.

எவரெவரை 'ஒரே வாசகர்' எனக் கொள்வது என்பது தொழில்நுட்பத் தீர்மானம் மட்டுமன்று. அது ஒரு சமூகத் தீர்மானமுமாகும்.