கையில் சரக்கில்லா வாணிகம்

வாணிகம் என்றால் கடை வேண்டும். கடை என்றால் சரக்கு வேண்டும். சரக்கு என்றால் முதல் வேண்டும். நம் பாட்டன்மார் அறிந்த இலக்கணம் இதுவே. இன்றோ, ஒரு செல்பேசி இருந்தால் போதும் என்கிறார்கள். விற்பவர் படத்தைக் காட்டிப் பணம் பெறுகிறார். வேறோர் ஊரிலுள்ள மொத்த வியாபாரி பொருளை நேரே வாங்குபவருக்கு அனுப்பிவிடுகிறார். இதற்கு ‘ட்ராப்ஷிப்பிங்’ என்று பெயர். முதல் குறைவுதான், ஆனால் பொருள் போய்ச் சேராவிட்டால் வசவு முழுவதும் விற்றவருக்கே!

சுரக்குடியில் என் அக்காள் இவ்வாறுதான் சேலை விற்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே முகவரி எழுதும் பொறுப்பு ‘படித்த பிள்ளை’யாகிய என்னிடம் வந்தது. சென்ற ஆண்டு அம்பகரத்தூரிலிருந்து ஒரு வளைகாப்புக்குச் சேலை கேட்டார்கள். அவர்கள் தந்த முகவரியில் பின்கோடு இல்லை. நாமும் புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள்தானே என்று 605001 என எழுதிவிட்டேன். சூரத்திலிருந்து புறப்பட்ட சேலை புதுச்சேரி நகருக்குப் போயிற்று. வளைகாப்பு சேலையில்லாமல் இங்கே நடந்தது!

தவறு எங்கே? பின்கோடு முறை 1972 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது. ஆறு இலக்கங்களில் முதல் மூன்றும் தபால் பிரிக்கப்படும் வட்டாரத்தையும், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிக்கும். புதுச்சேரி நகருக்கு 605, காரைக்காலுக்கு 609, மாஹேக்கு 673, ஏனாமுக்கு 533. ஆட்சி ஒன்று, அஞ்சல் வழியோ நான்கு! இதை அறியாமல் எழுதிய மூன்று இலக்கங்கள் ஒரு சேலையைச் சுமார் 130 கிலோமீட்டர் அப்பால் கொண்டு சேர்த்தன.

பின்கோடு தவறியது என் அறியாமை. அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பார்சல் புதுச்சேரியில் நிற்பதை விழாவுக்கு மூன்று நாள் முன்னரே செல்பேசியில் கண்டேன். வெட்கத்தால் அக்காளிடம்கூடச் சொல்லவில்லை. பின்னர் அந்த அம்மையார் கேட்ட கேள்வி இன்றும் காதில் ஒலிக்கிறது: “ஏம்மா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காரைக்கால் கடைத்தெருவுல வேற ஒண்ணு எடுத்திருப்போமே!” அக்காள் மறுபேச்சின்றி 740 ரூபாயைத் தம் கைப்பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்தார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் நான்கு விதிகள். பணம் வாங்கும் முன்பே சரக்கு இருப்பில் உள்ளதா என்று மொத்த வியாபாரியிடம் கேட்டறிதல் முதலாவது. முகவரியையும் பின்கோடையும் வாங்குபவருக்குத் திரும்பப் படித்துக் காட்டுதல் இரண்டாவது. பார்சலின் தட எண்ணை நாள்தோறும் பார்த்தல் மூன்றாவது. தாமதம் தெரிந்தால், அவர் கேட்கும் முன் நாமே சொல்லி, ‘காத்திருக்கிறீர்களா, பணத்தைத் திருப்பித் தரட்டுமா?’ என்று கேட்டல் நான்காவது.

சட்டமும் இதையே சொல்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் போன்ற இயற்கைச் சீற்றத்தால் நேரும் தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் தகவல் சொல்லும் கடமைக்கு எந்தப் புயலிலும் விலக்கில்லை என்பேன்.

அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய ‘ஜாப்போஸ்’ காலணி நிறுவனமும் முதலில் கையில் சரக்கின்றியே விற்றது. பிறர் அனுப்பும் பொருள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்று கண்டு, விற்பனையில் ஏறத்தாழக் கால்பங்கு அவ்வழியில் வந்துகொண்டிருந்தபோதும், 2003இல் அம்முறையையே கைவிட்டது. எங்களைப் போன்ற எளியோருக்குக் கிடங்கு கட்ட வசதி ஏது? எங்களால் காக்க முடிந்தது சொல் ஒன்றுதான்.

தமிழில் காசுக்கும் ‘நாணயம்’ என்று பெயர். நேர்மைக்கும் ‘நாணயம்’ என்றே பெயர். 740 ரூபாய் கொடுத்து நான் கற்ற பாடம் இது. சரக்கு பிறர் கையில் இருக்கலாம். நாணயம் நம் கையில் இருக்க வேண்டும்!