மனப்பாடத்துக்கு மாதக் கட்டணமா?

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரம் சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய்ச் சேருவதற்குள் பாதிப் பாடத்தைப் புரட்டிவிடலாம். அதற்கென்றே கைப்பேசியில் கேள்வியட்டைச் செயலிகள் வந்திருக்கின்றன. முன்புறம் கேள்வி, பின்புறம் விடை. தெரிந்த அட்டை பல நாள் கழித்து வரும். தெரியாதது கடன்காரனைப் போல் மறுநாளே வந்து நிற்கும்!

"அம்மா, இதற்கு மாதா மாதம் பணம் கட்டணுமாம்" என்று பெண் வந்து நின்றால், உடனே பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். 2006-இல் டேமியன் எல்ம்ஸ் என்பவர் வெளியிட்ட 'அங்கி' இருக்கிறது. (உடுத்துகிற அங்கி அல்ல, ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள்.) கம்ப்யூட்டருக்கு இலவசம். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு 'அங்கிடிராய்ட்', அதுவும் இலவசம். ஐபோன்காரர்களுக்கு மட்டும் சுமார் 25 டாலர், ஒரே தடவை. இதே பெயரை ஒட்டி வேறு செயலிகளும் உண்டு; பார்த்து இறக்குங்கள். அட்டைகள் கைப்பேசிக்கு வந்துவிட்டால், வழியில் சிக்னல் போனாலும் படிப்பு நிற்காது. அழகு குறைச்சல்தான், பழகவும் இரண்டு நாள் பிடிக்கும். 'குவிஸ்லெட்' லட்சணமாயிருக்கிறது, ஆனால் சில வசதிகளுக்குப் பணம் கேட்கிறது.

வீட்டில் இருப்பதே ஒரு கைப்பேசி, அதுவும் அப்பாவோடு ஆபீஸ் போய்விடுகிறதா? செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தில் வழி சொல்லியிருக்கிறார். ஒரு பெட்டி, ஐந்து அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு. தவறினால் மீண்டும் முதல் அறைக்கே. முதல் அறையை அடிக்கடியும் கடைசி அறையை எப்போதாவதும் பார்த்தால் போதும். அட்டைக்கு எங்கே போவது என்கிறீர்களா? அலமாரியில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் புறத்தை நறுக்கிக் கொடுங்கள்.